பிறர் துயர் துடைக்கும் கரங்கள் சோர்ந்து போகலாமா?

ஊரில் எந்த வீட்டில் துன்பம் என்றாலும் முதலில் போய் நிற்பவர் நீங்களா? அப்படியானால் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதை வாசியுங்கள்.

2004 டிசம்பர் 26. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக்குடிக் கரைகளைக் கடல் ஒரே காலைப்பொழுதில் அழித்தது. ஆனால் அதன் பின்னான வேலை ஒரு காலையில் முடியவில்லை. ஜனாஸாக்களைத் தேடுவதில் தொடங்கி முகாம், குடிநீர், வீடு, பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்பு என்று ஆண்டுக்கணக்கில் நீண்டது. அநீதிக்கு எதிராகக் குரல் கொடுக்கும் பணியும் இப்படித்தான். ஆர்வத்தோடு இறங்கியவர்களில் பலர் பாதி வழியில் ஒதுங்கி விடுகிறார்கள். அவர்களின் மனம் கல்லாகி விட்டதா? இல்லை. விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது!

ஓர் உளவியலாளரின் அனுபவம்

ஹேர்பர்ட் பிராய்டன்பேர்கர் நியூயோர்க் நகரைச் சேர்ந்த உளவியலாளர். பகலில் தமது தொழில். இரவில் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு. குடும்பத்தோடு விடுமுறைக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் அவரால் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. மனதில் உள்ளதையெல்லாம் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து தாமே கேட்டார். களைப்புக்குள் கோபமும் ஒளிந்திருந்தது! இந்நிலைக்கு ‘பேர்ன் அவுட்’ என்று பெயரிட்டு 1974இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நாம் இதை எரிந்து தீர்தல் எனலாம். 1992இல் ஜொயின்சன் என்ற அமெரிக்கத் தாதி, நோயாளரைப் பராமரிப்போருக்கு வரும் ‘இரக்கச் சோர்வு’ பற்றி எழுதினார்.

உங்களைக் கவனியுங்கள்

தூங்கியும் களைப்புத் தீரவில்லையா? உதவி கேட்டு வருபவரைக் கண்டால் எரிச்சல் வருகிறதா? “என்ன செய்து என்ன பயன்?” என்ற எண்ணம் அடிக்கடி எழுகிறதா? வீட்டில் சிறு விடயத்துக்கும் பிள்ளைகள் மீது சீறி விழுகிறீர்களா? இவை எச்சரிக்கைகள். இவற்றை உங்கள் குணக்கேடு என்று எண்ணி வெட்கப்படாதீர்கள்.

என்ன செய்யலாம்?

முதலில், வேலையைப் பகிருங்கள். ஒருவர் தலையில் நிற்கும் பணி அவர் விழுந்தால் தானும் விழும். முறை வைத்துச் செய்யுங்கள். இன்று நீங்கள், நாளை மற்றவர்.

இரண்டாவதாக, எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் வீட்டாருக்கு உரியதாகட்டும். வாப்பா ஊருக்கெல்லாம் நல்லவர், நமக்குத்தான் இல்லை என்று பிள்ளை நினைக்கும் நிலை வேண்டாம். அனர்த்தக் காட்சிகளை இரவிரவாகக் கைத்தொலைபேசியில் பார்ப்பதால் எவர் வயிறும் நிறையாது.

மூன்றாவதாக, மனம் விட்டுப் பேச ஒருவரை வைத்திருங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரை நாடத் தயங்காதீர்கள்.

நான்காவதாக, பிறர் வலியை உங்கள் வலியாகவே சுமப்பது வேறு. அவர் நலம்பெற விரும்பி உதவுவது வேறு. முன்னது மனதை வாட்டுகிறது, பின்னது தெம்பூட்டுகிறது என்று தானியா சிங்கர் குழுவினர் நடத்திய ஆய்வுகளும் காட்டுகின்றன.

உலகின் துயர் முழுவதையும் நீங்கள் ஒருவரே தீர்க்க முடியாது. இன்று ஒரு விதவையின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தீர்களா? அது போதும். ஓய்வெடுங்கள். நாளையும் ஒருவர் உங்கள் கதவைத் தட்டுவார். அப்போது முகமலர்ச்சியோடு திறக்க நீங்கள் இருக்க வேண்டும்!