பலகை தாங்கும், மூட்டு தாங்குமா?

கோலாலம்பூரின் ஜாலான் பெக்கெலிலிங் இன்று ஜாலான் துன் ரசாக். அதன் ஓரத்தில் 1960களில் 17 மாடிக் கட்டடங்கள் ஏழு எழும்பின. சுவரையும் தளத்தையும் முன்கூட்டியே வார்த்து, கிரேனால் தூக்கி அடுக்கும் டென்மார்க்கின் லார்சன்-நீல்சன் முறை அது. நான்கு மாடித் தொகுதிகளையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 வீடுகள். மலேசியாவின் பிரீகாஸ்ட் கட்டுமானத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட அந்தப் பெக்கெலிலிங் பிளாட் 2010களில் இடிக்கப்பட்டது.

அதே முறையில் லண்டனில் எழுந்த ரோனன் பாயிண்ட், திறந்து இரண்டே மாதத்தில், 1968 மே 16 அன்று சரிந்தது. 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்துச் சுவர்ப்பலகைகள் வெளியே தள்ளப்பட, கட்டடத்தின் ஒரு மூலையே மாடி மாடியாக இறங்கியது. நால்வர் மாண்டனர். 1986இல் கட்டடத்தைப் பிரித்தபோது, காரை நிரம்பியிருக்க வேண்டிய மூட்டுகளுக்குள் செய்தித்தாள் கிடந்தது!

பழைய பிரீகாஸ்ட் தளத்தின் பலத்தை மதிப்பிடும் பொறியாளர் இதனால்தான் பலகையின் நடுப்பகுதியோடு நிற்பதில்லை. கம்பி எங்கே ஓடுகிறது என்பதை ரேடார் காட்டிவிடும். கம்பி எத்தனை மில்லிமீட்டர், துரு ஏறியதா என்பதற்குக் கான்கிரீட்டைச் சிறிது கொத்தித் திறக்க வேண்டும். பலகையின் முனை உத்திரத்தின்மேல் எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்பதோ பொய்க்கூரையைக் கழற்றினால்தான் தெரியும். பழைய வரைபடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால், கட்டியவர்கள் வரைபடப்படிதான் கட்டினார்களா என்பது வேறு கேள்வி.

கணக்கு கைகொடுக்காதபோது தளத்தின்மேல் தண்ணீரைத் தேக்கிச் சோதிப்பார்கள். 24 மணி நேரம் பாரம் நிற்கும், தொய்வை அளப்பார்கள். சாதாரண இரும்புக்கம்பித் தளமானால், பாரத்தை எடுத்த பிறகு அந்தத் தொய்வில் முக்கால் பங்காவது மீள வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் பயன்பாடு மாறும்போது வருகிறது. பிரிட்டிஷ் விதிநூல் வழக்கப்படி வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நடனக்கூடத்துக்கு 500 கிலோ. பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பு மாடி ஒன்று பரதநாட்டிய வகுப்பானால், முப்பது பிள்ளைகளின் தட்டடவு அந்தத் தளத்துக்குப் புதிய பாரம். கிள்ளான் கடைவீட்டின் மேல்மாடியில் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டி வைத்தால் சதுர மீட்டருக்கு 1,000 கிலோ.

மலேசியாவின் 1974 தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 85ஏ பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை கேட்பது ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான். இரண்டு, மூன்று மாடிக் கடைவீடுகள் அந்த வரம்புக்குள் வருவதில்லை. அங்கே புதுக் கழிப்பறைக்காகத் தளத்தைத் துளைக்கும் குழாய்க்காரர், உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி ஒன்றை அறுத்துவிட்டால், பழைய வரைபடத்தில் உள்ள பாரக்கணக்கு அந்தப் பலகைக்கு இனிச் செல்லாது.