அன்றைய வீச்சா, இன்றைய வீச்சா? காலங்களை ஒப்பிடும் கணக்கு

மேகமலையின் அடிவாரத்தில், சண்முகநதி அணைக்கு அருகில் உள்ளது எங்கள் ஊர் ராயப்பன்பட்டி. ஊரைச் சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். தோட்டத்துக்குப் போகிறவர்களும், விடுமுறைக்கு வந்த மாணவர்களும் காலையில் ஒரே தேநீர்க் கடையில்தான் கூடுவார்கள். சென்ற கோடை விடுமுறையில் அங்கே ஒரு வாதம் எழுந்தது.

"வெங்கட்ராகவன் மாதிரி ஒருத்தன் பந்து போட முடியுமா? பொங்கல் டெஸ்டை ரேடியோவுல கேட்டவனுக்குத்தான் தெரியும்" என்றார் ஒரு பெரியவர். "தாத்தா, அவர் எடுத்தது 156 விக்கெட். அஸ்வின் 537!" என்றான் பேரன். "எண்ணிக்கையா பெருசு? அன்னைக்கு எதிர்த்து ஆடினவங்க யாரு, இன்னைக்கு ஆடுறவங்க யாரு?" என்று பெரியவர் மடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ காலேஜ் வாத்தியார்ல, நீ சொல்லு" என்றார்.

வாசகர்களே, இத்தகைய வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதற்குக் கணக்கால் விடை காண முடியுமா? எதுவரை முடியும், எதற்குமேல் முடியாது? இதையே இக்கட்டுரையில் காண்போம்.

எண்கள் சொல்வது என்ன?

இந்த இருவரையும் ஒப்பிடுவது பொருத்தமானதே. இருவரும் சென்னைக்காரர்கள், இருவரும் ஆஃப் ஸ்பின் வீசியவர்கள், இருவரும் பொறியியல் பட்டதாரிகள். வெங்கட்ராகவன் 1965 முதல் 1983 வரை 57 டெஸ்டுகளில் 156 விக்கெட் எடுத்தார். அவருடைய சராசரி 36.11. அஸ்வின் 2011 முதல் 2024 வரை 106 டெஸ்டுகளில் 537 விக்கெட் எடுத்தார். சராசரி 24.00.

பந்து வீச்சாளரின் சராசரி என்பது, அவர் கொடுத்த ஓட்டங்களை அவர் எடுத்த விக்கெட்டுகளால் வகுத்து வரும் ஈவு. அது குறையக் குறையச் சிறப்பு. அப்படியானால் பேரன் சொன்னதே சரி என்று முடிவு கட்டிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். 1886 முதல் 1896 வரை இங்கிலாந்துக்காக ஆடிய ஜார்ஜ் லோமன் 18 டெஸ்டுகளில் 112 விக்கெட் எடுத்தார். அவருடைய சராசரி 10.75! வெறும் எண்ணை நம்பினால், அஸ்வினைவிட லோமன் இரண்டே கால் மடங்கு சிறந்தவர் என்றாகும். இதைப் பேரன் ஒப்புக்கொள்வானா?

அருகருகே ஓடும் இரு பேருந்துகள்

கம்பத்திலிருந்து உத்தமபாளையத்துக்கு இரண்டு பேருந்துகள் அருகருகே, ஒரே வேகத்தில் செல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் இருக்கும் நீங்கள் மற்றொன்றை மட்டும் பார்த்தால் அது நிற்பதுபோலவே தோன்றும். இரண்டும் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் அப்படித்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் அப்படித்தான். அவற்றின் உண்மையான வேகத்தை அறிய, சாலையோரத்துப் புளியமரத்தைப் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட் சராசரியும் இத்தகையதே. மட்டையாளர் எடுக்கும் ஓட்டமும் பந்து வீச்சாளர் கொடுக்கும் ஓட்டமும் வேறு வேறல்ல. ஒரே நிகழ்ச்சியை இரு பக்கத்திலிருந்து எழுதிய கணக்கு. ஐம்பது ஆண்டுகளில் மட்டை வீச்சும் பந்து வீச்சும் ஒரே அளவு முன்னேறியிருந்தால், 'ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ஓட்டம்' என்ற எண் மாறவே மாறாது. இரண்டும் ஒரே அளவு தாழ்ந்திருந்தாலும் மாறாது. ஆகவே சராசரி என்பது சார்பளவு மட்டுமே.

ஓட்டப் பந்தயத்தில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே கடிகாரமே புளியமரம். பெர்லின் நகரில் 1936 ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டரை 10.3 விநாடியில் ஓடினார். அதே பெர்லினில் 2009-இல் உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடினார். போல்ட் வேகமானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓவன்ஸ் ஓடியது கரித்தூள் தளம். போல்ட் ஓடியது செயற்கைத் தளம். கடிகாரம்கூடத் தளத்தின் வேறுபாட்டைச் சொல்வதில்லை.

முதல் திருத்தம்: காலத்தின் சராசரி

அப்படியானால் என்ன செய்யலாம்? ஒருவரை அவர் காலத்தவரோடு ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டையே மற்றவருடைய ஒப்பீட்டோடு வைத்துப் பார்க்கலாம்.

லோமன் காலத்தில் ஆடுகளங்களை மழையிலிருந்து மூடிப் பாதுகாக்கும் வழக்கம் இல்லை. நனைந்த மண் வெயிலில் காயும்போது மேற்பரப்பு இறுகும். அடியில் ஈரம் நிற்கும். அதில் விழும் பந்து ஒருமுறை எகிறும், மறுமுறை தாழும், கூர்மையாகத் திரும்பும். ஆகவே அக்காலத்தில் எல்லோருடைய ஓட்டங்களும் குறைவு. ஒரு விக்கெட்டுக்குத் தோராயமாக 18 ஓட்டம் என்று கொள்ளலாம். அஸ்வின் காலத்தில் இது தோராயமாக 32.

இப்போது வகுத்துப் பாருங்கள். லோமன்: 10.75 ÷ 18 = 0.60. அஸ்வின்: 24 ÷ 32 = 0.75. லோமன் இன்னும் முன்னேதான் நிற்கிறார். ஆனால் இரண்டே கால் மடங்காகத் தெரிந்த வேறுபாடு ஒன்றேகால் மடங்காகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது திருத்தம்: சிதறல்

சராசரி மட்டும் போதாது. மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். இதைத் திட்ட விலக்கம் என்பர். ஒரு வகுப்பில் சராசரி 50, திட்ட விலக்கம் 10 என்க. அங்கே 70 வாங்கியவர் சராசரிக்கு மேல் இரண்டு விலக்கம் உயர்ந்து நிற்கிறார். இன்னொரு வகுப்பில் சராசரி 80, திட்ட விலக்கம் 5. அங்கே 85 வாங்கியவர் ஒரு விலக்கமே உயர்ந்திருக்கிறார். 70 வாங்கியவரே தம் வகுப்பில் அரியவர்.

இந்தச் சிதறல் காலப்போக்கில் சுருங்கக்கூடும். அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் டெட் வில்லியம்ஸ் 1941-இல் .406 என்ற அடிச் சராசரியைப் பெற்றார். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அதன் பிறகு ஒரு பருவம் முழுவதும் ஆடி .400-ஐத் தொட்டவர் இல்லை. திறமை குறைந்துவிட்டதா? உயிரியலறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் வேறு விளக்கம் தந்தார். பொதுச் சராசரி ஏறக்குறைய .260 அளவிலேயே இருந்தது. பயிற்சி எல்லோருக்கும் பரவியதால் மோசமான ஆட்டக்காரர்கள் குறைந்தார்கள். அதனால் சிதறல் சுருங்கியது என்றார் அவர். எல்லோரும் உயர்ந்த இடத்தில் ஒருவர் மட்டும் தனித்து உயர்வது கடினம். லோமனுக்கும் அஸ்வினுக்கும் எஞ்சிய வேறுபாட்டில் ஒரு பகுதி இதனால் இருக்கலாம்.

இத்தனை திருத்தங்களுக்குப் பிறகும் அசையாமல் நிற்பவர் டான் பிராட்மன். 1928 முதல் 1948 வரை 80 இன்னிங்ஸ், 10 முறை ஆட்டமிழக்காமை, 6996 ஓட்டங்கள், சராசரி 99.94. அவர் காலத்தின் மற்ற சிறந்தவர்களான ஹெட்லி 60.83, சட்கிளிஃப் 60.73, ஹாமண்ட் 58.45. தம் காலத்துச் சிறந்தவர்களையே ஒன்றரை மடங்குக்கு மேல் விஞ்சியவர் அவர்.

விதி மாறினால் அளவுகோலும் மாறும்

அந்தப் பிராட்மனையும் ஒரு புதிய உத்தி கட்டிப்போட்டது. 1932-33இல் இங்கிலாந்து அணி உடலை நோக்கி வீசும் 'பாடிலைன்' முறையைக் கையாண்டது. அத்தொடரில் அவருடைய சராசரி 56.57. மட்டையாளர் அவரே, மாறியது எதிர்ப்புதான்.

விதிகளும் இவ்வாறே. ஆஃப் திசைக்கு வெளியே விழுந்து உள்ளே திரும்பும் பந்துக்கு எல்.பி.டபிள்யூ. கொடுக்கலாம் என்பது 1937-இல்தான் விதியாயிற்று. ஆஃப் ஸ்பின் வீசுபவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்தில் 1978-இல் பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தடுப்பவர்கள் தொடுவதற்கு வரம்பு வைத்தார்கள். அதன் பிறகு பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஆட்டக்காரர்களின் கணக்கு பெருகியது. 1984-இல் டான் மரீனோ ஒரே பருவத்தில் 5084 கெஜம் எறிந்தார். முன்னவர்கள் அனைவரும் அவரினும் தாழ்ந்தவர்கள் என்று இதற்குப் பொருளல்ல.

வெங்கட்ராகவன் காலத்தில், காலை நன்றாக முன்னே நீட்டி ஆடிய மட்டையாளருக்கு நடுவர்கள் பெரும்பாலும் ஐயத்தின் பலனை அளித்தார்கள். இன்று பந்தின் பாதையைக் கணினி வரைந்து காட்டுகிறது. 2008-இல் சோதனையாகத் தொடங்கிய இந்த மறுபரிசீலனை முறையை இந்தியா 2016 முதல் தன் தொடர்களில் ஏற்று நடத்துகிறது. காலை நீட்டித் தப்புவது இப்போது எளிதல்ல.

தேநீர்க் கடைக்குச் சொன்ன விடை

இருவர் காலத்திலும் ஒரு விக்கெட்டுக்கான பொதுச் சராசரி 30-க்குச் சற்று மேலேதான். வெங்கட்ராகவனோடு ஆடிய பேடியின் சராசரி 28.71, சந்திரசேகர் 29.74, பிரசன்னா 30.38. ஆகவே, தத்தம் காலத்தவருள் அஸ்வின் நின்ற இடமே உயர்ந்தது. இதுவரை கணக்கு சொல்லும். பேரன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரசன்னாவும் ஆஃப் ஸ்பின் வீசுபவர். ஒரே இடத்துக்கு இரு வல்லவர்கள் போட்டியிட்டதையும், நடுவர் மறுத்த விக்கெட்டுகளையும் 36.11 என்ற எண் காட்டாது. பெரியவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அன்றைய மட்டையாளர்கள் இன்றையவர்களினும் வல்லவர்களா என்பதற்கோ சராசரியில் விடையே இல்லை. ஏனெனில் அங்கே புளியமரம் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது எனக்கு வேறொரு கணக்கு நினைவுக்கு வந்தது. என் தந்தை 1984-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் 500-க்கு 318 வாங்கினார். 2008-இல் நான் வாங்கியது 452. "எனக்குப் படிப்பு ஏறலை, உனக்கு ஏறுச்சு" என்று அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார். படிப்பை நிறுத்திப் பந்தலுக்குப் போனதற்கும் அதையே காரணமாகச் சொல்வார். நானும் நம்பியிருந்தேன்.

அன்று மாலை அவரிடம் கேட்டேன்: "அப்பா, உங்க வகுப்புல நீங்க எத்தனாவது?"

"இரண்டாவது. நாற்பத்தொரு பேர்ல" என்றார்.

நான் ஒன்பதாவது, நாற்பத்து நான்கு பேரில்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய மதிப்பெண் பட்டியல் இருக்கும். அதில் உள்ள எண்ணைப் பார்த்துச் சிரிக்கும் முன்னும், தம்பி தங்கையின் 95-ஐப் பார்த்து "இப்பல்லாம் அள்ளிப் போடுறாங்க" என்று ஒதுக்கும் முன்னும், ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வகுப்பின் சராசரி என்ன? எண்ணோடு அதன் காலத்தையும் சேர்த்துப் படிப்பதே சரியான அளவீடு.