கூகுள் சந்தையில் கவுனி விற்ற கதை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை அறுவடை முடிந்த கையோடு எங்கள் வீட்டு நடையில் 19 மூட்டை கருப்புக் கவுனி அடுக்கிக் கிடந்தது. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கி, அந்த முறைப்படி மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பெருக்கிப் பெருக்கி முக்கால் ஏக்கருக்குக் கொண்டுவந்த நெல். தென்னேரி ஏரித் தண்ணீர், தக்கைப்பூண்டு, பஞ்சகவ்யம். வேறு எதுவும் அந்த வயலைத் தொடவில்லை.

வியாபாரி வந்தார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "கலர் நெல்லுக்கு நான் எங்க போயி ஆள் புடிக்கிறது?" என்று குண்டு நெல் விலைக்குக் கேட்டார். அரசு கொள்முதல் நிலையத்திலும் சன்னம், பொது ரகம் என்று இரண்டே விலைதான். கவுனிக்கென்று தனி விலை ஏது? ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனி வேலைக்குப் போகிற ஊர் இது. "அவனவன் ஷிப்டுக்குப் போய் சம்பாதிக்கிறான், நீங்க கருப்பு நெல்லக் கட்டிக்கினு அழுவுறீங்க" என்றாள் வீட்டுக்காரம்மா. அவள் சொன்னதிலும் தப்பில்லை.

அண்ணன் மகள் கணினி படித்தவள். ஒரு லீவு நாளில் உட்கார்ந்து எங்களுக்கு ஒரு இணையதளம் போட்டுக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டாள். நான் இரண்டு நாள் யோசித்து, "மண்ணின் மாண்பைக் காக்கும் மரபு நெல் வேளாண்மை" என்று எழுதச் சொன்னேன். மூன்று மாசம் போனது. ஒரு ஆள் கூப்பிடவில்லை. நடுவில் போனில் ஒருத்தர், "உங்க சைட்டை கூகுள் முதல் பக்கத்துக்குக் கொண்டாரோம் சார், கேரண்டி" என்றார். 8,000 ரூபாய் கட்டினேன். ஒரு மாசம் கழித்து அந்த நம்பரே இல்லை. முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் அப்படி போன் வரும். எடுத்தவுடன் வைத்துவிடுங்கள்.

அண்ணன் மகளிடம் புலம்பினேன். அவள் கேட்டாள்: "சித்தப்பா, கடைக்கு வர்றவங்க 'மரபு நெல் வேளாண்மை ஒரு கிலோ குடுங்க'ன்னா கேப்பாங்க?"

"கருப்பு அரிசி இருக்கான்னு கேப்பாங்க."

"அப்போ அதை எழுதுங்க."

இதைத்தான் கீவேர்டு ஆராய்ச்சி என்கிறார்கள். தேடுசொல் என்று சொல்லலாம். தேடுகிறவர் வாயில் என்ன சொல் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொண்டு, அந்தச் சொல்லை நம் பக்கத்தில் வைப்பது. சந்தைக்குப் போகும் முன் பத்துப் பேர் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்கிறோமே, அதே வேலை.

அன்றைக்கு ராத்திரி நானும் அவளும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நாம் முன்பு தேடியதெல்லாம் பதிலில் கலந்துவிடாமல் இருக்க, இன்காக்னிட்டோ என்கிற மறைவு ஜன்னலைத் திறந்தாள். தேடும் கட்டத்தில் "கருப்பு கவுனி" என்று மட்டும் தட்டிவிட்டு நிறுத்தினாள். கீழே வரிசையாக இறங்கியது: அரிசி விலை, பயன்கள், கஞ்சி செய்வது எப்படி, இனிப்பு, உடல் எடை, சர்க்கரை. இவை மற்றவர்கள் உண்மையாகவே தேடியதை வைத்து கூகுள் எடுத்துக்கொடுக்கிற சொற்கள். காசில்லாத பாடம் இது. ஒவ்வொரு ரகத்துக்கும் தட்டிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினோம்.

எழுத்துக்கூட்டல் தனிக்கூத்து. நம் மக்களில் நிறையப் பேர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஒருத்தர் ஒரு 'பி' போடுகிறார், இன்னொருத்தர் இரண்டு. கவுனிக்கு 'வி' போடுபவர் உண்டு, 'டபிள்யூ' போடுபவர் உண்டு. இதில் நமக்கு என்ன கௌரவம்? எங்கள் ஏரிக்கே பழைய பெயர் திரையன் ஏரி என்றும், அதுதான் தென்னேரி ஆனது என்றும் சொல்வதுண்டு. வாயில் வாயில் பெயர் மாறத்தான் செய்யும். பக்கத்தின் தலைப்பில் தமிழிலும், உள்ளே ஓரிரு இடத்தில் ஆங்கில எழுத்திலும் போட்டுவைத்தோம்.

கூகுள் ட்ரெண்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, இரண்டு சொல்லில் எது அதிகம் தேடப்படுகிறது, எந்த மாசத்தில் ஏறுகிறது என்று பார்க்கலாம். அதில் வரும் 0 முதல் 100 வரையிலான எண் ஒப்பீடுதான். 100 என்றால் நூறு பேர் தேடினார்கள் என்று அர்த்தமில்லை. நான் கொஞ்ச நாள் அப்படி நினைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்தேன். கீவேர்டு பிளானர் என்ற இன்னொரு கருவி கூகுள் விளம்பரக் கணக்குக்குள் இருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் போடாதவர்களுக்கு "100 முதல் 1,000 வரை" என்கிற மாதிரி அகலக் கணக்குத்தான் காட்டும். நமக்கு அது போதும். உள்ளே நுழையும்போதே விளம்பரம் கொடு, கார்டு நம்பர் கொடு என்று நச்சரிக்கும். கூடப் படித்த பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கூகுள் எப்படி ஒருவரை முன்னால், ஒருவரைப் பின்னால் வைக்கிறது என்ற கேள்வி வரும். லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் 1998இல் தொடங்கிய கம்பெனி அது. ஒரு பக்கத்தை வேறு எத்தனை நல்ல பக்கங்கள் கைகாட்டுகின்றன என்று எண்ணியதுதான் அவர்களுடைய முதல் யோசனை. விதைக்கு யாரிடம் போகலாம் என்று கேட்டால் நாலு பேர் ஒரே வீட்டைக் கைகாட்டுகிறார்களே, அந்தக் கணக்கு. இப்போது அதோடு இன்னும் பல கணக்குகள் சேர்ந்துவிட்டன. இங்கே பக்கத்தில் உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் குடவோலை முறை இருக்கிறது. தகுதியானவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கூகுள் குடத்தில் அந்தச் சமம் கிடையாது. பெரிய கம்பெனி ஓலை மேலேதான் மிதக்கும். "கருப்பு கவுனி அரிசி" என்ற பொதுச் சொல்லில் அவர்களோடு முட்டினால் நாம் தோற்போம். "ஒரகடம் பக்கத்தில் இயற்கை அரிசி", "தீட்டாத கிச்சிலிச் சம்பா" என்று நீளமான, குறிப்பான சொல்லில் நமக்கு இடம் இருக்கிறது. தேடுபவர் குறைவு. ஆனால் தேடுகிற அந்த ஆள் வாங்க வந்தவர்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் செய்த தவறை இங்கே சொல்லியாக வேண்டும்.

நோட்டில் எழுதிய சொற்களில் திரும்பத் திரும்ப வந்தது 'சர்க்கரை'. என்ன ரகம் தட்டினாலும் கீழே அது வந்து நின்றது. சரி, ஊரே இதைத்தான் தேடுகிறது என்று, வாட்ஸ்அப்பில் வந்ததையும் மற்ற விற்பனையாளர்கள் எழுதியதையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதினேன். தலைப்பு: "சர்க்கரை நோயை அடியோடு விரட்டும் கருப்புக் கவுனி". அண்ணன் மகள், "சித்தப்பா, இது நமக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டாள். "எல்லாரும் எழுதறாங்கம்மா" என்றேன். பக்கம் பிடித்துக்கொண்டது. நாலு மாசத்தில் 19 மூட்டையில் 13 மூட்டை அரிசியாகிப் போய்விட்டது. வீட்டுக்காரம்மாவே மூட்டை கட்ட உட்கார்ந்தாள்.

ஒரு நாள் காலையில் தாம்பரத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "அண்ணா, உங்க பக்கத்தைப் படிச்சிட்டு அவருக்கு மாத்திரைய நிறுத்திட்டேன். மூணு வேளையும் கவுனிதான் குடுக்கறேன். பத்து நாளாவுது. இப்ப தலைய சுத்துது, ஓயாம தாகம் எடுக்குதுன்றாரு. இன்னும் எத்தனை நாள்ல சரியாவும்?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. "உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்கம்மா, இப்பவே" என்றேன். சாயந்திரம் நானே கூப்பிட்டேன். சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்ததாம். படுக்கையில் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கருப்புக் கவுனியும் அரிசிதான். அதில் மாவுச்சத்து இருக்கிறது, தின்றால் சர்க்கரை ஏறும். தவிட்டோடு சாப்பிடுவதால் நார்ச்சத்து உண்டு, கருமை நிறத்தைத் தருகிற ஆந்தோசயனின் உண்டு. அதற்கு மேல் மருந்து என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? சட்டமும் விடாது. 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. அபராதத்தை விடுங்கள். பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் பொய் விளம்பரம் போடுகிறான் என்று 20 வருஷமாக மேடைபோட்டுப் பேசுகிறவர்கள் நாம். நம் இயக்கத்து ஆட்கள் பலர் பூங்காருக்கும் காட்டுயானத்துக்கும் இதே மாதிரி எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். நானும் எழுதியவன் என்பதால் சொல்கிறேன், எடுத்துவிடுங்கள்.

அன்றைக்கு ராத்திரியே அந்தப் பக்கத்தை நீக்கினோம். அதைப் படித்து வாங்கியவர்களில் நம்பர் இருந்த அத்தனை பேருக்கும், "மாத்திரையை நிறுத்தாதீர்கள், நான் எழுதியது தப்பு" என்று செய்தி அனுப்பினேன். பதினோரு பேர் பதில் போட்டார்கள். நாலு பேர் அதோடு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக்கு வருகிறவர்கள் பாதிக்கும் கீழே போனார்கள். மீதி 6 மூட்டை அப்படியே நின்றது.

பிறகுதான் வேறொரு நோட்டுப் போட்டேன். அரிசி வாங்கியவர்கள் கூப்பிட்டால் என்ன கேட்கிறார்கள் என்பதை, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுவது. "குக்கர்ல எத்தனை விசில்?" "வண்டு புடிக்குதே, என்னா பண்றது?" "தீட்டுனதா, தீட்டாததா?" எல்லாவற்றையும்விட அதிகம் வந்தது இதுதான்: "கழுவுனா சாயம் போவுதே, கலர் போட்ட அரிசியா?"

இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதினோம். கவுனியின் நிறம் தவிட்டில் இருக்கிறது, அது தண்ணீரில் கரையும் நிறம், ஊறவைத்தால் தண்ணீர் ஊதாவாகத்தான் மாறும். சந்தேகமென்றால் ஒரு அரிசியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மேல்தோல் கருப்பு, உள்ளே வெள்ளை. ஒரு முறை லேசாக அலசிவிட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்தால் நிறமும் போகாது, விசிலும் குறையும். வீட்டுக்காரம்மா சொன்னதை அப்படியே போட்டோம். ஊறவைத்த கிண்ணத்தின் படத்தையும், சுரண்டிய அரிசியின் படத்தையும் நாங்களே எடுத்தோம். ஆறாவது மாசத்தில் எங்கள் தளத்தில் அதிகம் பேர் படிக்கிற பக்கம் அதுவாகிவிட்டது. படித்துவிட்டு வாங்குகிறவர்கள் கேள்வி கேட்டுத் தெளிந்தவர்கள். திருப்பி அனுப்புவதில்லை.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் ஒரு விஷயம் மட்டும். தலைப்பில் தேடுசொல் ஒரு முறை வந்தால் போதும். ஒரே சொல்லைப் பத்து வரியில் பத்து முறை திணித்தால் கூகுள் அதைக் குப்பை என்று தள்ளிவிடும், யூரியாவை அள்ளிக் கொட்டுகிற புத்திதான் அது. படத்தின் அளவைக் குறையுங்கள், கிராமத்து சிக்னலில் திறக்க வேண்டும். படத்துக்குக் கீழ் மறைவாக விளக்கம் எழுத ஒரு கட்டம் இருக்கும், அதில் 'கருப்புக் கவுனி நெற்கதிர்' என்று எழுதுங்கள், சும்மா விடாதீர்கள். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். வரைபடத்தில் நம் களத்தைக் குறித்துவிடலாம், பக்கத்து ஊர்க்காரர்கள் நேரில் வந்து வாங்க அதைவிட நல்ல வழி இல்லை. எங்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் ஆட்கள் அப்படித்தான் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஏரியைப் பார்த்துவிட்டு 10 கிலோ வாங்கிப் போகிறார்கள். அஞ்சு உழவர்கள் சேர்ந்தால் பி.ஜி.எஸ். குழு அமைக்கலாம். சான்று இருந்தால் அந்த விவரத்தைப் பக்கத்தில் போடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணையும் போடுங்கள்.

ரொம்ப எதிர்பார்க்கவும் கூடாது. பலன் தெரிய மாசக்கணக்கில் ஆகும். இப்போதெல்லாம் கேள்விக்குப் பதிலை கூகுளே செயற்கை நுண்ணறிவை வைத்து மேலே எழுதிக் காட்டிவிடுகிறது, பலர் நம் பக்கத்தைத் திறப்பதே இல்லை. எங்கள் விற்பனையில் பெரும்பங்கு இன்றைக்கும் ஒரு தடவை வாங்கியவர்கள் வாட்ஸ்அப்பில் திரும்பக் கேட்பதுதான். முதல் தடவை அவர்கள் நம்மைக் கண்டுபிடிக்கத்தான் இந்தத் தேடுசொல் எல்லாம்.

சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில், எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் திறந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று தெரியும். அண்ணன் மகள் மாசம் ஒரு தடவை அதைத் திறந்து எனக்குப் படித்துக் காட்டுவாள். ஆடி மாசம் படித்தபோது, நாங்கள் எழுதாத ஒன்று அதில் இருந்தது. "கிச்சிலி சம்பா பழைய சோறு". கொஞ்சம் பேர்தான். ஆனால் மூணு மாசமாகத் தொடர்ந்து வந்திருந்தது. வீட்டுக்காரம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இதுக்குமா கூகுள்ல போயி கேக்குறாங்க?"

இந்தச் சம்பாவில் கிச்சிலியை அரை ஏக்கர் கூட்டி நட்டிருக்கிறோம். பழைய சோற்றுப் பக்கத்தை அவள் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் தட்டிக்கொண்டிருக்கிறாள். சோற்றுக்கு மேல் தண்ணீர் எத்தனை விரல்கடை நிற்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை. அதனால் பக்கம் இன்னும் ஏறவில்லை.