பொம்மைக்கும் சுருதி வேண்டும்

என் அக்கா மகனுக்கு வயது எட்டு. தாராவியில், தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அவன் வளர்கிறான். எண்ணெய் டின், தண்ணீர் டிரம், அண்டை வீட்டார் அப்பளம் காயவைக்கும் கூடை என்று எதையும் அவன் விட்டுவைப்பதில்லை. எல்லாம் அவனுக்குத் தாளக் கருவிகளே. சென்ற ஆண்டு அவனுடைய பிறந்த நாளுக்கு நடைபாதைக் கடையொன்றில் 900 ரூபாய் கொடுத்து ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன். அதில் நூறு வகை ஒலிகள் உண்டு, நாய் குரைக்கும், ரயில் ஊதும், கட்டைகளின் மேல் வண்ண விளக்குகள் எரியும். பையன் மகிழ்ந்தான், நானும் கடமை முடிந்தது என்று இருந்தேன்.

மூன்று திங்கள் சென்றன. பாடல் குழுவில் அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். "இவனுக்குச் சுருதி நிற்கவில்லை" என்றாராம் பாட்டு வாத்தியார். அன்றிலிருந்து அவன் பாடுவதையே நிறுத்திவிட்டான். ஒரு நாள் நான் கலினா வளாகத்திலிருந்து வீடு திரும்பியதும் அருகில் வந்து, "சித்தி, என் காது சரியில்லையா?" என்று கேட்டான்.

இயற்பியல் படிக்கிறவளுக்கு இந்த ஐயம் முன்பே தோன்றியிருக்க வேண்டும். தொலைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, பொம்மையின் ஆறாம் கட்டையை அழுத்தச் சொன்னேன். அது நொடிக்கு 440 அதிர்வு தரவேண்டும். உலகெங்கும் பெரும்பாலான கருவிகள் அதற்கே இசைந்து செய்யப்படுகின்றன. புதிய பாட்டரி போட்டபோது பொம்மை தந்தது 452. தேய்ந்த பாட்டரியில் 431! இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியை நெருங்குகிறது. பாட்டரி தேயத் தேயச் சுருதி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பையன் நாள்தோறும் அதனோடு சேர்ந்து ஒழுங்காகவே பாடியிருக்கிறான். அவன் காது சரியாக இருந்ததுதான் அவனுக்கு வந்த வினை.

இது எப்படி நேர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய கீபோர்டுகளில் ஒலி எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. கட்டையை அழுத்தியதும் உள்ளே ஒரு கடிகாரத் துடிப்பு அந்த எண்களை வரிசையாகப் படித்து ஒலியாக்குகிறது. துடிப்பு விரைந்தால் எல்லாச் சுரமும் ஏறும். தளர்ந்தால் எல்லாம் இறங்கும். நல்ல கருவியில் இத்துடிப்பைத் தருவது குவார்ட்ஸ் படிகம். நம் கைக்கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து காலம் காட்டுவதும் அதன் இனந்தான். மலிவான பொம்மையிலோ படிகம் இருப்பதில்லை. ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. மின்னழுத்தம் குறைந்தால் அவற்றின் வேகமும் மாறிவிடும். ஆகவே, குழந்தைக்குக் கருவி வாங்கப் போகும் நண்பர்கள் முதலில் கேட்க வேண்டியது எத்தனை ஒலிகள் என்பதை அன்று. தொலைபேசியை எடுத்து ஆறாம் கட்டையை அளந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

'கட்டை' என்ற சொல்லையே பாருங்கள். ஒன்றரைக் கட்டை, ஐந்து கட்டை என்று நம் பாடகர்கள் சுருதியைச் சொல்வது ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணித்தான். அந்த ஆர்மோனியமே ஒரு காலத்தில் விலக்கப்பட்டது. 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. கட்டைக் கருவி கமகத்தைத் தராது என்பது எதிர்ப்பாளர்களின் முதன்மையான குறை. அக்குறை இன்றைய கீபோர்டுக்கும் பொருந்தும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் குரல் வழுக்கிச் செல்லும். கட்டை படியேறிக் குதிக்கும். மேலும், கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக்குகிறது. ஒவ்வொரு கட்டையும் முந்தியதைப்போல் 1.0595 மடங்கு. இதனால் பஞ்சமம் ஏறக்குறையச் சரியாக விழுகிறது. அந்தர காந்தாரமோ தம்பூராவில் தானே எழும் காந்தாரத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கிறது. இரு கட்டைகளின் இடைவெளியில் ஏழில் ஒரு பங்கு உயர்வு. மாட்டுங்காவில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஓர் அம்மையாரிடம் இதைக் கேட்டேன். "தோடியை அதிலே தேடாதே அம்மா, ஆனால் சுரத்தின் இடம் பிள்ளைக்குத் தெரியட்டும்" என்றார். எனக்கு இது நியாயமாகவே பட்டது.

தோடி வராவிட்டால் போகட்டும். கருப்புக் கட்டைகள் ஐந்தே போதும், ஓர் எட்டு வயதுப் பிள்ளையை ஓராண்டு கட்டிப்போட. நான்கரைக் கட்டையைச் சட்ஜமமாக வைத்துக் கருப்புக் கட்டைகளை மட்டும் ஏறி வாசித்தால் மோகனம். அதே கட்டைகளை ஐந்தரையில் தொடங்கினால் மத்தியமாவதி, ஆறரையில் இந்தோளம், ஒன்றரையில் சுத்த சாவேரி, இரண்டரையில் சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று இசை நூலார் சொல்வது இதுவே. தவறான சுரத்தில் விரல் படவே வழியில்லை. பின்னால் சட்ஜமம் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஒன்றே தேவை. அதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. குழல் கலைஞரும் பொறியாளருமான பெங்களூர் ஜி. ராஜ் நாராயண் 1970-களின் இறுதியில் மின்னணுச் சுருதிப் பெட்டியை உருவாக்கினார். அது செய்யும் வேலையை இன்று தொலைபேசியில் இலவசச் செயலிகளே செய்கின்றன.

இதிலிருந்து கட்டைகளின் எண்ணிக்கை பற்றிய கவலையும் தீர்கிறது. 32 அல்லது 37 சிறு கட்டைகள் தொடங்கப் போதும். 37-இல் மூன்று ஸ்தாயி அடங்கிவிடும், சிறு விரலுக்கும் எட்டும். முறையாகப் பியானோ கற்பிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் முழு அளவில் 61 கட்டைகள் பாருங்கள். நான்கு கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் நான்கும் ஒலிக்கின்றனவா என்று சோதியுங்கள். மெல்லத் தொட்டால் மெல்லவும் ஓங்கி அடித்தால் ஓங்கியும் ஒலித்தால் நன்று. ஹெட்ஃபோன் துளை கட்டாயம் வேண்டும். எங்கள் அத்தான் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் உறங்குபவர். அதே அறையில்தான் பிள்ளையும் வாசிக்க வேண்டும்.

மற்றொன்று மிடி. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள 1983-இல் ஏற்பட்ட பொது மொழி அது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்பதை அது எண்ணாக அனுப்பும். யு.எஸ்.பி. வழியாக மிடி அனுப்பும் கீபோர்டு இருந்தால், நாளை கருவியின் ஒலிகள் சலித்துப்போனாலும் கணினியில் வேறு ஒலிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால்தான் உள்ளே நூறு ஒலியா ஐந்நூறு ஒலியா என்ற கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை.

தாளத்திற்குத் தனி இயந்திரம் வேண்டுமா என்று சிலர் கேட்பர். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை மிகுதி. தாராவியின் டோபடெலிக்ஸ் குழு 2018-இல் 'காலா' படத்தில் பங்கு கொண்டது முதல் சந்துக்குச் சந்து ராப் கேட்கிறது. ஆனால் தொடக்கத்தில் அதற்குக் காசு செலவிட வேண்டாம் என்பேன். 'குரோம் மியூசிக் லேப்' என்ற தளத்தில் 2018 முதல் உள்ள 'சாங் மேக்கர்' கட்டங்களைத் தொட்டாலே தாளமும் சுரமும் சேர்ந்து ஓடும், செலவு ஏதுமில்லை. இயந்திரத்தால் இசை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். இதே நகரின் திரைப்பட இசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இலேயே ரோலண்ட் டி.ஆர்.-808, டி.பி.-303 ஆகிய இயந்திரங்களைக் கொண்டு பத்து இராகங்களை இசைத்தட்டாக்கினார். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி 303-இல் உண்டு. அன்று அத்தட்டை வாங்குவாரில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபின் உலகமே தேடிக் கேட்டது.

இனி எங்கள் கதை. அக்கா கொடுத்தது 2,000 ரூபாய். என் உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது 1,500. புதியது வாங்க அது போதவில்லை. செம்பூரில் ஒரு வீட்டில், பிள்ளை பெரியவனாகிவிட்டதால் 37 கட்டைக் கீபோர்டு ஒன்றை விற்கிறார்கள் என்று வகுப்புத் தோழி சொன்னாள். பையனையும் அழைத்துக்கொண்டு போனேன். ஆறாம் கட்டை 440. புதிய பாட்டரியைக் கழற்றி, நான் கையோடு கொண்டுபோன தேய்ந்த பாட்டரியைப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் 440. வீட்டுக்கார அம்மாள் எங்களை விநோதமாகப் பார்த்தார். மிடி உண்டு, ஹெட்ஃபோன் துளை உண்டு. ஒரு வெள்ளைக் கட்டை மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தது. 3,200-க்கு முடிந்தது.

ரயிலில் வரும்போது அவன் கேட்டான்: "அப்போ அந்தப் பொம்மைதான் தப்பா, சித்தி?" ஆம் என்றேன். பாட்டு வாத்தியாரிடமும் 452, 431 என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவர் நல்ல மனிதர். மறு ஞாயிறே தாமே கீபோர்டு வாசித்து, பையனை முன்னால் நிறுத்திப் பாடச் சொன்னார். முதல் அடி நடுங்கியது. இரண்டாம் அடியில் சுருதியோடு சேர்ந்துகொண்டான்.

பழைய பொம்மை இப்போது என் மேசையில் திறந்து கிடக்கிறது. அந்த மின்தடையை எடுத்துவிட்டு, திருகித் திருத்தக்கூடிய ஒன்றை வைக்க லாமிங்டன் சாலைக்குப் போய்வர வேண்டும். நாய் குரைக்கும் ஒலி புதிய கருவியில் இல்லையாம்; அது வேண்டும் என்று பையன் நாள்தோறும் நச்சரிக்கிறான்.