அணையாத கம்ப்யூட்டரும் அவசரக்கார நானும்

இரவு பத்தரை மணிக்கு எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடுவது, வாசல் கேட்டைப் பூட்டுவது, கூடத்து விளக்கை அணைப்பது ஆகிய மூன்றும் என் இலாகா. ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் குப்பை கொட்டியவனுக்கு நாளை முறையாக மூடாமல் தூக்கம் வராது. 2020இல் ஓய்வு பெற்ற பிறகு நான்காவதாக ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. என் மனைவி எழுந்து போன பின் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் அது. அந்த வேலையில் நான் செய்த தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்துப் பெற்றோர்கள் சிலருக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி இது.

நமது ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பாடம் எழுதுபவள் என் மனைவி. கடையில் கிடைக்கும் புத்தகங்கள் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை, வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி வளரும் நாக்பூர்ப் பிள்ளைகளுக்கு அவை ஒட்டாது என்பது அவள் கட்சி. ஆகவே அவளுடைய பாடங்களில் சீதாபர்டியில் ஆரஞ்சு பேரம் பேசும் பாட்டி வருவாள். அஜ்னி யார்டில் நின்று கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணும் பையன் வருவான். 2023 ஜூனில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், 2025 ஜூலைத் தொடக்கத்தில் 43 பாடங்கள் சேர்ந்திருந்தன. அத்தனையும் ஒரே ஃபைலில், ஒரே பென் டிரைவில். ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போக வசதி என்பாள். "ஒரே நோட்டுல இருந்தாத்தான் தேடாம கிடைக்கும்" என்பது அவள் சித்தாந்தம். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

2025 ஏப்ரலில் ஒரு நாள், "என்னங்க, சேவ் பண்ணினா இப்பல்லாம் ரொம்ப நேரம் எடுத்துக்குது" என்றாள். நான் உட்கார்ந்து பார்த்தேன். எங்களுடையது 2019இல் வாங்கிய மேஜைக் கம்ப்யூட்டர், அப்போது விண்டோஸ் 10. டிவைஸ் மேனேஜரில் அந்தப் பென் டிரைவுக்கு உரிய பகுதியைத் திறந்தால் 'பாலிசீஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் 'குவிக் ரிமூவல்' என்று இருந்ததை 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றினேன். மறுநாளே, "இப்ப கண் மூடித் திறக்கறதுக்குள்ள சேவ் ஆயிடுதுங்க" என்று சர்டிஃபிகேட் கிடைத்தது. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

மே மாதத்தில்தான் புது வியாதி தொடங்கியது. 'ஷட் டவுன்' கொடுத்தால் திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், சில நாள் இருபது நிமிடம். சில நாள் ஒழுங்காக அணையும். புனேயில் இருக்கும் மகனிடம் கேட்டேன். "அப்பா, பவர் பட்டனை அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிங்க, போயிடும்" என்றான். செய்தேன், போயிற்று. அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். கடையிலிருந்து ஒரு பையனையும் வரவழைத்தேன். அவன் உட்காரக்கூட இல்லை. "சாப், ஃபார்மட் மார்னா படேகா" என்றான். எந்த வியாதிக்கும் அதே மருந்து சொல்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

2025 ஜூலை 5, சனிக்கிழமை. மறுநாள் வகுப்பு. 43ஆம் பாடத்தை முடித்து, சேவ் செய்து, ஷட் டவுனும் கொடுத்துவிட்டு அவள் படுக்கப் போய்விட்டாள். பத்தரை மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தேன். இருட்டு. கேட்டைப் பூட்டிவிட்டு நானும் படுத்தேன்.

காலையில் ஃபைல் திறக்கவில்லை. பெயர் இருந்தது, அளவு இருந்தது, உள்ளே எழுத்து இல்லை. தெரிந்த வித்தை எல்லாம் செய்து பார்த்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, நினைவில் இருந்ததை வைத்து வகுப்பு நடத்திவிட்டு வந்தாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம்.

அன்று மத்தியானம் எனக்கு 1987இல் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. இட்டார்சி பக்கம் ஒரு சிறிய ஸ்டேஷன், மார்கழிக் குளிர். யார்டில் வண்டி எதுவும் இல்லை, ஆனால் பேனலில் ஒரு லைன் மட்டும் வண்டி நிற்பதுபோல் சிவப்பு காட்டிக்கொண்டிருந்தது. ரிலே கோளாறு என்று நான் அறையைத் திறக்கப் போனேன். பாலக்காட்டுக்காரரான எங்கள் இன்ஸ்பெக்டர் தடுத்தார். "சிவப்பு காட்டினா முதல்ல அது சொல்றது சரின்னு வெச்சுக்கோ. நடந்து போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்தால் குளிரில் தண்டவாளம் சுருங்கி முறிந்திருந்தது. தண்டவாளம் வழியாக ஓட வேண்டிய மின்சாரம் அறுந்ததால் ரிலே விழுந்து சிவப்பாகியிருந்தது. கருவி சொன்னது சரி. அவசரப்பட்டவன் நான். முப்பத்தெட்டு வருஷம் கழித்து அதே தவற்றை வீட்டுக்குள்ளேயே செய்திருக்கிறேன்!

இந்த இடத்தில் பவர் பட்டனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விண்டோஸ் 95 காலத்துக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் முன்னால் இருந்தது நிஜமான சுவிட்ச். மெயின் மின்சாரத்தையே வெட்டும். அதனால்தான், இப்போது அணைக்கலாம் என்று திரையில் எழுத்து வரும் வரை நாம் காத்திருந்தோம். 1995இல் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பு வந்தது. அதற்குப் பிறகு முன்னால் இருப்பது வெறும் விண்ணப்பப் பட்டன். ஸ்டேஷன் மாஸ்டர் பேனலில் பட்டனை அழுத்தியதும் சிக்னல் விழுந்துவிடுவதில்லை அல்லவா? பாயிண்ட் சரியாக இருக்கிறதா, லைன் காலியா என்று ரிலேக்கள் பார்த்துத் திருப்தியடைந்த பிறகுதானே விழுகிறது? அதேபோல ஷட் டவுன் கொடுத்ததும் விண்டோஸ் ஒவ்வொரு புரோகிராமையும் மூடச் சொல்கிறது. நினைவகத்தில் நிற்கும் பாக்கி எழுத்துக்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கிறது. சாதனங்களை ஓயச் சொல்கிறது. கடைசியில்தான் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி பவர் சப்ளைக்கு உத்தரவு. நான்கு விநாடிக்கு மேல் பட்டனை அழுத்திப் பிடித்தால் இந்த விசாரணை எதுவும் கிடையாது, கேட்காமல் வெட்டிவிடும். கம்ப்யூட்டர் உண்மையிலேயே உறைந்து போனால் அது உதவும். ஆனால் உறைந்துவிட்டது என்று முடிவு செய்வது யார்?

மறுநாளே ரயில்வே பாணியில் ஒரு ஃபால்ட் ரிஜிஸ்டர் போட்டேன். தேதி, நேரம், என்ன வேலை நடந்தது, என்னென்ன செருகியிருந்தது, அணைய எத்தனை நிமிடம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் என்று விரதம். முதலில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நிறுத்தினேன். விண்டோஸ் 8 (2012) முதல் வந்த வசதி இது. ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக மூடாமல், உள் கருவை டிஸ்க்கில் எழுதி வைத்து மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுதாக மூடித் திறக்கும். சில மெஷின்களில் இந்த அரைத் தூக்கம்தான் தொல்லைக்குக் காரணம். எங்கள் வீட்டில் இல்லை. அடுத்து பிரிண்டருடன் வந்த துணைப் புரோகிராமை நீக்கினேன். அதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ரிஜிஸ்டரைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. தகராறு எல்லாம் புதன், சனி. நான் பாங்க் கணக்குப் பார்த்த நாட்களில் ஒன்றுகூட இல்லை. புதனும் சனியும் அவள் பாடம் எழுதும் நாள். அடுத்த சனிக்கிழமை வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தேன். கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருந்த பென் டிரைவில் சின்ன நீல விளக்கு, விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. பதினேழு நிமிடம் மினுக்கியது. நின்றது. அடுத்த சில விநாடிகளில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. முட்டி வலியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். பென் டிரைவ் கிழடாகிவிட்டது, எழுத நேரம் பிடித்தது. சேவ் தாமதமானதே அதன் எச்சரிக்கை. நான் செய்த மாற்றத்தால் எழுத்து முதலில் நினைவகத்தில் தங்கி, பின்னால் மெதுவாகப் பென் டிரைவுக்குப் போகத் தொடங்கியது. சேவ் ஆகிவிட்டது என்று திரை சொல்லும், ஆனால் சரக்கு இன்னும் வழியில்தான். அந்தப் பாக்கியை ஷட் டவுன் நேரத்தில் தீர்க்க முயன்றுகொண்டிருந்தது கம்ப்யூட்டர். அதாவது, என் மனைவியின் பாடத்தைக் காப்பாற்றத்தான் அது அணையாமல் இருந்தது. அதன் கழுத்தைத்தான் நான் பிடித்தேன். ஈவன்ட் வ்யூவரில் 'டிஸ்க்' என்ற பெயரில் மே மாதம் முதலே எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. பார்க்காதது என் குற்றம்.

புதுப் பென் டிரைவ் வாங்கி, பாலிசியைப் பழையபடி 'குவிக் ரிமூவல்' என்றே விட்டேன். அன்று முதல் ஒரு நிமிடத்துக்குள் அணைகிறது. இப்போது ஃபைல் மூன்று இடத்தில் இருக்கிறது: கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. பாடத்துக்கு ஒரு ஃபைல் என்றும் பிரித்தாயிற்று. அந்த ஒரு சித்தாந்தத்தை மட்டும் அவள் விட்டுக்கொடுத்தாள்.

உங்கள் வீட்டிலும் இந்தத் தொல்லை இருந்தால், அது எந்த மாதிரி என்று முதலில் பாருங்கள். வட்டம் சுற்றுகிறதென்றால் யாரோ உள்ளே வேலை செய்கிறார்கள் என்று பொருள். அரை மணி பொறுங்கள். அப்டேட் நடக்கும் நாளில் இன்னும் கூடப் பொறுக்கலாம். ஹார்ட் டிஸ்க் விளக்கும் பென் டிரைவ் விளக்கும் மினுக்கினால் கை வைக்காதீர்கள். மறுநாள் பிரிண்டர், பென் டிரைவ், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அணைத்துப் பாருங்கள், பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். திரை இருண்டும் உள்ளே விசிறி ஓடுகிறதென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைச் சந்தேகிக்கலாம். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒரு தடவை முழுதாக மூடும். அப்போது விசிறியும் நின்றால் ஆசாமி அகப்பட்டார். அணைந்த கம்ப்யூட்டர் தானாகவே விழித்துக்கொண்டால் அது வேறு கேஸ். நெட்வொர்க் கார்டோ மவுஸோ எழுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால்தான் இப்படி என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். எங்கள் தகராறு அதற்கு முன்பே வந்து, முன்பே போய்விட்டது.

பாடங்களுக்கு வருகிறேன். 2024 தீபாவளிக்கு எடுத்து வைத்த ஒரு பழைய பிரதியில் முதல் 26 பாடங்கள் பத்திரமாக இருந்தன. மீதி 17. என் மனைவி ஒவ்வொரு வகுப்பிலும் ஜெராக்ஸ் கொடுத்தது நல்லதாயிற்று. பெற்றோர்கள் பிள்ளைகளின் பைகளையும் பழைய பேப்பர் கட்டுகளையும் தேடி 15 பாடங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்றில் சாம்பார்க் கறை, ஒன்றில் அஜ்னி யார்டு பையனுக்குப் பெரிய மீசை வரைந்திருந்தது. மாலை வேளைகளில் நான் படிக்க, அவள் திரும்ப டைப் செய்கிறாள். எழுத்துப் பிழை எனக்கு அதிகம் கண்ணில் படுகிறது என்று இப்போதுதான் ஒரு நல்ல வார்த்தை வந்திருக்கிறது.

இன்னும் கிடைக்காதவை 31ஆம் பாடமும் 40ஆம் பாடமும். 31இல் பொங்கலுக்குக் கரும்பு தேடி மார்க்கெட் முழுவதும் அலையும் தாத்தா வருவார். 40 முழுவதும் ல, ள, ழ பற்றியது. திரும்ப எழுதலாம்தான், ஆனால் அதே மாதிரி வராது என்கிறாள். யார் வீட்டிலாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்கு வரும்போது கொண்டுவாருங்கள். கிழிந்திருந்தாலும், குழந்தை கிறுக்கியிருந்தாலும் பரவாயில்லை.