சைக்கிள் ஏறும் வண்டி: அன்றும் இன்றும்

1970-களின் நடுவில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் மலைச்சரிவுகளில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த இளைஞர்களிடம் போய், "சைக்கிளை ஏற்றிப்போக எந்த வண்டி வாங்கலாம்?" என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். கூட்டத்தில் எவனிடம் பிக்கப் இருக்கிறதோ, அவன் வண்டிதான் வண்டி. ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு மேற்கே தீயணைப்புக்காக வெட்டிய மண்பாதை ஒன்றில் 1976 அக்டோபர் 21 அன்று முதல் ரீபேக் பந்தயம் நடந்தது. சுமார் 2 மைலில் 1300 அடி இறக்கம். ஓட்டியதெல்லாம் 1930, 40-களில் ஷ்வின் போன்ற கம்பெனிகள் செய்த தடித்த டயர் சைக்கிள்கள். பழைய சாமான் கடையிலிருந்து எடுத்து, கியர் மாட்டி, பிரேக் மாற்றி ஒப்பேற்றியவை. எடை 20 கிலோவுக்கு மேல் சர்வசாதாரணம். பின்சக்கர ஹப்புக்குள்ளேயே பிரேக் இருந்தவற்றில், கீழே வந்து சேர்வதற்குள் அங்கிருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்தே போய்விடும்.

இந்த இரும்பை மேலே மிதித்துக்கொண்டு போக யாருக்குத் தெம்பு இருக்கும்? சிலர் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள். பிக்கப் கிடைத்துவிட்டால் பின்தட்டில் சைக்கிள்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து, இடுக்கில் ஆட்களும் ஏறிக்கொள்வார்கள். கீறல் விழுமே என்ற கவலை கிடையாது. கீறல் விழுவதற்கு அதில் பெயிண்ட் மிச்சம் இருந்தால்தானே. சீட் பெல்ட், குழந்தை சீட், பால் பாட்டில் பை எதுவும் அந்தப் படத்தில் இல்லை, ஏனென்றால் குடும்பமே அதில் இல்லை.

அந்தக் கூட்டத்திலிருந்த ஜோ பிரீஸ் 1977-இல் மலைக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் கடை போட்டார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்ப்பர் வந்ததும் மவுண்டன் பைக் யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கக்கூடிய சரக்காகிவிட்டது. ஓட்டியவர்களுக்கு வயது ஏறியது, கல்யாணம் ஆனது. வண்டியைப் பற்றிய கேள்வி அங்கேதான் பிறந்தது.

1990-களில் அதற்கு விடை சுலபமாகவே இருந்தது. அன்றைய மலை சைக்கிளை அளந்து பார்த்தால் காரணம் புரியும். 26 அங்குலச் சக்கரம், 58 சென்டிமீட்டர் அகல ஹேண்டில்பார், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு மீட்டருக்குச் சற்று மேல். எடையும் 12, 13 கிலோவுக்கு இறங்கியிருந்தது. முன்சக்கரத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைத் திருப்பினால் சக்கரம் கையோடு வந்துவிடும். பின்சீட்டை மடக்கிவிட்டு, பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, சாதாரண ஸ்டேஷன் வேகனில் இரண்டு சைக்கிளைப் படுக்க வைக்கலாம். கூரையில் ஏற்றுவதும் சிரமமில்லை. கம்பியில் ஒரு கவ்வி இருக்கும், சக்கரம் கழற்றிய ஃபோர்க்கை அதில் மாட்டி இறுக்கினால் போதும்.

கூரைக் கம்பிக்கும் ஒரு கதை உண்டு. பழைய கார்களில் கதவுக்கு மேலே மழைத்தண்ணீர் வழிய ஒரு தகர விளிம்பு நீண்டிருக்கும். ரேக்கின் காலை அதில் கவ்வவிட்டால் போதும், எந்தக் காருக்கும் எந்த ரேக்கும் பொருந்தும். 1980-களில் காற்றைக் கிழித்துப் போகவேண்டும் என்று கார்களை வழவழப்பாக்கியபோது அந்த விளிம்பு மறைந்தது. அதன்பிறகு தூலே, யாக்கிமா மாதிரியான ரேக் கம்பெனிகள் ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனித்தனிக் கவ்வி செய்து, எதற்கு எது என்று பட்டியல் போடவேண்டி வந்தது. கார் மாற்றினால் ரேக்கின் காலையும் மாற்று என்ற நிலை அன்று தொடங்கியது, இன்றுவரை விடவில்லை.

அதே காலத்தில் குடும்ப வண்டியின் உருவமும் மாறியது. கிரைஸ்லர் 1983 இறுதியில் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்ற மினிவேன்களைக் கொண்டுவந்தது. தரை தாழ்வு, கூரை உயரம், சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிடலாம். அவை வந்த வேகத்தில் ஸ்டேஷன் வேகன்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஃபோர்டின் கன்ட்ரி ஸ்கொயர் 1991-இல் நின்றது, பியூக் ரோடுமாஸ்டர் வேகன் 1996-இல். அந்த வரிசையில் தப்பிப் பிழைத்தது சுபாரு அவுட்பேக். 1995 மாடலாக வந்த அந்த வேகனின் கூரையில் இரண்டு சைக்கிள் இல்லாத படத்தை அந்நாளில் தேடித்தான் பார்க்கவேண்டும்.

இனி இன்றைய சைக்கிளுக்கு வருவோம். 29 அங்குலச் சக்கரம். ஹேண்டில்பார் 78-லிருந்து 80 சென்டிமீட்டர். பெரிய சைஸ் ஃபிரேமில் அச்சுக்கு அச்சு 124 சென்டிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல். முப்பது வருடத்தில் சைக்கிள் ஏறக்குறைய அரை முழம் நீண்டு, கைப்பிடியும் அதே அளவு அகன்றிருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புற விழாமல் இருக்க அந்த நீளம் தேவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கார்கள் அந்த அளவுக்கு உள்ளே விரியவில்லை. வெளியே பருத்தன, நிஜம்தான். கதவு, ஏர்பேக், சாய்ந்த பின்கண்ணாடி எல்லாம் சேர்ந்து உள்ளிடத்தைத் தின்றுவிட்டன. ஷோரூமில் டிக்கியின் கொள்ளளவு எத்தனை கன அடி என்று பெருமையாகச் சொல்வார்கள். சைக்கிள்காரருக்கு அந்தக் கணக்கு உதவாது. பின்கதவுத் திறப்பின் உயரம் எவ்வளவு, சக்கர வளைவுகளுக்கு நடுவே அகலம் எவ்வளவு, முன்சீட்டின் முதுகிலிருந்து பின்கதவுவரை நீளம் எவ்வளவு, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். டேப் எடுத்துக்கொண்டு போகலாம். சைக்கிளையே கூட்டிக்கொண்டு போவது இன்னும் உத்தமம். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சக்கரத்தைக் கழற்றுவதும் பழையபடி விளையாட்டாக இல்லை. முன்அச்சு இப்போது 15 மில்லிமீட்டர் தடிமனான குழாய். 9 மில்லிமீட்டர் அச்சுக்குச் செய்த பழைய கவ்வி அதற்குப் பொருந்தாது. டிஸ்க் பிரேக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. சக்கரம் கழன்றிருக்கும்போது பின்சீட்டிலிருக்கும் பிள்ளை கை நீட்டி பிரேக் பிடியை அழுத்திவிட்டால் உள்ளிருக்கும் இரண்டு கட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் உள்ளே போகாது. அதைத் தடுக்க நடுவில் செருகுவதற்கென்று ஒரு பிளாஸ்டிக் துண்டு விற்கிறார்கள். அட்டையை மடித்து வைத்தாலும் வேலை நடக்கும். கார்பன் ஃபிரேமாக இருந்தால் மேல்குழாயைக் கவ்விப் பிடிக்கும் ரேக்குகளை மறந்துவிடவேண்டும், அழுத்தத்தில் விரிசல் விடலாம். சக்கரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் தட்டு ரேக்குகள் இன்று மேலோங்கி நிற்பதற்கு இதெல்லாம் காரணம்.

இவ்வளவு இருந்தும், அப்பா ஒருவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டப் போகிறார் என்றால் பிரச்சினை பெரிதில்லை. பிள்ளைகள் சேர்ந்தபோதுதான் கணக்கு தலைகீழானது. பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த மேட் ஃபிரிட்ஸிங்கர் 2001-இல் வட கலிபோர்னியாவில் பள்ளி மாணவர்களுக்கான மலை சைக்கிள் லீக் ஒன்றைத் தொடங்கினார். 2009-இல் அது 'நைக்கா' என்ற தேசிய அமைப்பாக விரிந்தது. இன்று ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை பிள்ளைகள் இதில் ஓட்டுகிறார்கள். மற்ற விளையாட்டுகளைப்போல இங்கே யாரையும் பெஞ்சில் உட்கார வைப்பதில்லை, சேர்ந்த அத்தனை பேரும் பந்தயத்தில் ஓட்டலாம். அருமையான விதி. ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளை என்றால் இரண்டு சைக்கிளும் கட்டாயம் போகவேண்டும். கூடாரம், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு அப்பா ஏற்றும் மூன்றாவது சைக்கிள், இவற்றையும் கூட்டிக்கொள்ளவேண்டும்.

வீட்டு வாசலிலிருந்தே ஓட்டிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். மரினில் அது அவ்வளவு சுலபமில்லை. மவுண்ட் டமால்பைஸ் மலையின் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை 1980-களிலிருந்தே சைக்கிளுக்கு மூடப்பட்டவை. அகலமான மண்சாலைகளில் மட்டும் மணிக்கு 15 மைல் வேகத்துக்குள் போகலாம். விளையாட்டு பிறந்த மலையின் அடிவாரத்தில் வீடு இருப்பவர்களே சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சைனா கேம்புக்கோ, சான்டா குரூஸுக்கோ, சியரா மலையிலிருக்கும் டவுனிவில்லுக்கோ, டாஹோ ஏரிப் பக்கமோ கிளம்புகிறார்கள். டாஹோ என்றால் மூன்று, மூன்றரை மணி நேரம், வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அதற்கும் மேல். பெரிய வண்டி வாங்கவைப்பதில் சைக்கிள் கம்பெனிகளைவிட இந்தத் தடைகளுக்குப் பங்கு அதிகம் என்பது என் கட்சி.

எந்த வண்டி என்று கேட்டால் மினிவேன் என்பேன். உடனே ஒரு முகச்சுளிப்பு வரும், எனக்குத் தெரியும். எஸ்யூவி வாங்கினால் மலைக்குப் போகிறவன், மினிவேன் வாங்கினால் டியூஷனுக்குப் பிள்ளை இறக்கிவிடுகிறவன் என்று ஒரு நினைப்பு. நிஜத்தில் எஸ்யூவியின் தரை உயரம், கூரை அதைவிட உயரம். சராசரி உயரமுள்ளவர் 15 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி அதன் கூரையில் வைக்க ஏணி வேண்டும். வைத்துவிட்டு, மேலே சைக்கிள் இருப்பதை மறந்து வீட்டு கராஜுக்குள் ஓட்டி நொறுக்கிய கதை கலிபோர்னியாவில் தெருவுக்கு ஒன்று கேட்கலாம். மினிவேனில் தரை முழங்காலுக்குச் சற்றுமேல்தான், சைக்கிளை உருட்டியே உள்ளே ஏற்றிவிடலாம். இரவு ஓட்டலில் தங்கும்போது திருட்டுப் பயமும் குறைவு. வெளியே ரேக்கில் பூட்டி வைத்த ஐயாயிரம் டாலர் சைக்கிள் காலையில் அங்கேயே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். ஃப்ரீமாண்ட், சான் ரமோன் பக்கத் தமிழ் வீடுகளில் ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் ஆகும் என்று வாங்கிய மினிவேன் பல ஏற்கெனவே கராஜில் நிற்கின்றன. பிள்ளை பள்ளி அணியில் சேர்ந்ததும் அதன் மூன்றாவது வரிசை தரைக்குள் போகிறது, சைக்கிள் உள்ளே வருகிறது.

ஆனால் எல்லா மினிவேனும் ஒன்றல்ல. இங்கே காலம் ஒரு வேலை செய்திருக்கிறது. மூன்றாவது வரிசையைத் தரைப் பள்ளத்துக்குள் மடக்கும் வித்தையை ஹோண்டா ஒடிஸி 1990-களின் நடுவிலேயே காட்டியது. 2005 மாடலில் கிரைஸ்லர் இரண்டாவது வரிசையையும் தரைக்குள் மறைத்தது. கையை விட்டு இழுத்தால் சீட் மறைந்து சமதளம் வந்துவிடும், சைக்கிள்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பிறகு ஹைப்ரிட் வந்தது. கிரைஸ்லரின் பசிஃபிகா மினிவேனின் ஹைப்ரிட் மாடலில் சீட் போய் ஒளிந்த பள்ளத்தில் பேட்டரி உட்கார்ந்துகொண்டது. டொயோட்டா சியன்னா 2021-இலிருந்து ஹைப்ரிட் மட்டும்தான், இரண்டாவது வரிசையைக் கழற்றவே முடியாது, சீட்டுக்குள்ளேயே ஏர்பேக் இருக்கிறது. முன்னால் நகர்த்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். பெட்ரோல் மிச்சம் பிடித்தவர் இடத்தை இழக்கிறார். ஒடிஸியில் இன்னும் இரண்டாவது வரிசையைக் கழற்றலாம், ஆனால் தூக்குவதற்கு இடுப்பு நன்றாக இருக்கவேண்டும்.

பிக்கப்பை நம்பியவர்களுக்கும் இதே கதிதான். ரீபேக் காலத்துப் பிக்கப்பில் முன்னால் ஒரே சீட், பின்னால் ஆறரை அல்லது எட்டடித் தட்டு. குடும்பத்தை உட்கார வைக்க நான்கு கதவு வைத்ததும் தட்டு சுருங்கியது. ஃபோர்டு எஃப்-150-இன் நான்கு கதவு மாடல் 2001-இல் ஐந்தரை அடித் தட்டோடு வந்தது. இன்றைய சின்ன மேவரிக்கிலும், மின்சார ரிவியனிலும் நாலரை அடிதான். சைக்கிள் அதற்குள் முழுசாக நிற்காது. பின்தடுப்பில் மெத்தை போர்த்தி, முன்சக்கரத்தை வெளியே தொங்கவிட்டு ஓட்டுகிறார்கள்.

மிச்சமிருப்பது வண்டியின் பின்னால் மாட்டும் ஹிட்ச் ரேக். நான்கு பேர் குடும்பத்துக்கு இன்று பெரும்பாலானவர்கள் போய்ச் சேரும் இடம் இதுதான். கூரைக்குத் தூக்கவேண்டாம், சக்கரம் கழற்றவேண்டாம். தொல்லைகளும் உண்டு. ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று வண்டி அலறும், சில வண்டிகள் தானாகவே பிரேக் போட்டுவிடும். ரேக்கைச் சாய்க்காமல் பின்கதவைத் திறக்க முடியாது. கடைசிப் பையனின் 20 அங்குலச் சைக்கிளுக்குத் தனியாக ஒரு துணைப்பொருள் வாங்கவேண்டியிருக்கும்.

எடைதான் இங்கே உண்மையான கண்டம். வண்டி எவ்வளவு பாரத்தை இழுக்குமோ அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் ஹிட்ச் செங்குத்தாகத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. 1500 பவுண்டு இழுக்கும் சின்ன எஸ்யூவிக்கு அது 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. இப்போது பரவிவரும் மின்சார மலை சைக்கிள் ஒன்று 23 கிலோ. அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, ரேக்கின் எடை 25 கிலோ, கூட்டினால் 71. பிள்ளைகள் சைக்கிள் இன்னும் ஏறவே இல்லை, அதற்குள் கணக்கு தாண்டிவிட்டது. கிளம்புமுன் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் சைக்கிளுக்கு மூன்று நான்கு கிலோ குறையும், இரண்டு சைக்கிள் என்றால் எல்லைக்குள் வந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 3500 பவுண்டு இழுக்கும் வண்டிதான்.

பழைய ஷ்வினின் எடைக்கே சைக்கிள் திரும்பி வந்திருக்கிறது. ஒரே வித்தியாசம், அன்று மேலே ஏற வண்டி தேவைப்பட்டது. மின்சார சைக்கிள் மலையில் தானே ஏறிவிடுகிறது, வண்டியில் ஏற்றத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. முதுகுவலிக்காரர்களுக்காக ரேக்கோடு இணைக்கும் சாய்பலகை ஒன்றையும் சில கம்பெனிகள் விற்கின்றன. நீளமான அந்தப் பலகையையும் போகுமிடமெல்லாம் வண்டிக்குள் எங்காவது கிடத்தியாகவேண்டும். அளவெடுக்கப் போகும்போது அதற்கும் சேர்த்து டேப்பை நீட்டிப் பாருங்கள்.