விருத்தாசலத்திலிருந்து ஓ.டி.க்கு ஒரு ரயில்

எனக்குக் கல்யாணமாகி விருத்தாசலம் வந்த புதிதில், "பீங்கான் ஊர்ல வாக்கப்பட்டிருக்கே, பாத்துப் பதமா குடித்தனம் பண்ணு" என்று பெரியம்மா கேலி செய்வார். என் பிறந்த வீடு கடலூர் ஓ.டி.யில். ஓல்டு டவுன் என்பதைத்தான் எல்லோரும் ஓ.டி. என்போம். ஸ்டேஷனுக்கு இப்போது கடலூர் துறைமுகம் சந்திப்பு என்று பெயர். இந்தப் பெயர்க் குழப்பத்தில், சென்னையிலிருந்து என் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் திருப்பாதிரிப்புலியூரிலேயே இறங்கிவிட்டு, முகூர்த்த நேரத்தில் ஆட்டோ தேடி அலைந்தார்கள்!

புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவே 60 கிலோமீட்டருக்கும் குறைவான ரயில் பாதை. ஊத்தங்கால் மங்கலம், நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி, அப்புறம் கடலூர். இத்தனை சின்னப் பாதையை எதற்காகப் போட்டார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அப்பாதான் சொன்னார். அவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர்.

கடலூர் பழைய துறைமுகம். 1690-லேயே பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது கம்பெனியின் தலைமையிடமே இங்கே வந்து, 1752 வரை இருந்தது. ஆனால் கப்பல் வந்து ஒட்டி நிற்க இங்கே ஆழம் கிடையாது. உப்பனாறு கடலைத் தொடும் இடத்தில் உப்பங்கழி ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். அதன் கரையில்தான் துறை. கப்பல் தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, சரக்குப் படகுகள் போய் ஏற்றி இறக்கி வரும்.

"கப்பல் நம்ம வீட்டுக்குள்ள வராதும்மா. வாசல்லயே நின்னுக்கும். நாமதான் தட்டை எடுத்துக்கிட்டுப் போகணும்" என்பார் அப்பா.

அந்தத் தட்டில் வைப்பதற்குச் சரக்கு வேண்டுமே! கடற்கரையோரமாகத் தெற்கே போகும் பாதை 1870களிலேயே கடலூருக்கு வந்துவிட்டது. ஆனால் நிலக்கடலை விளைவது உள்நாட்டில். 1920களின் கடைசியில் சவுத் இந்தியன் ரயில்வே விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குக் குறுக்குப் பாதை போட்டபோது விருத்தாசலம் ஜங்ஷன் ஆயிற்று. கடலூரிலிருந்து ஒரு கிளை இங்கே வந்து சேர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் மேற்கே சேலம் வரைக்கும் பாதை போயிற்று. எல்லாம் மீட்டர் கேஜ். பின்னாளில் சேலம் பக்கத்து இரும்புத்தாதுகூட வேகனில் வந்து, எங்கள் ஓ.டி.யில் படகேறி, கப்பலுக்குப் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெளியூர்க் கரியை எரித்துக்கொண்டு அந்தக் காலத்து இன்ஜின்கள் ஓடிய இந்த வட்டாரத்தில், காலடியிலேயே கரி கிடந்தது! 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோதுதான் கறுப்பாக என்னவோ தண்ணீரோடு வந்தது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அதற்காக எத்தனையோ குடும்பங்கள் ஊரையே விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. அதையும் சொல்லாமல் நெய்வேலிக் கதையை முடிக்கக் கூடாது.

எங்கள் அம்மாவுக்கு நெய்வேலி என்றால் லெக்கோதான். இளைய தலைமுறைக்குத் தெரியாது. நிலக்கரியைப் பொடித்து, அழுத்திக் கட்டியாக்கிச் சுட்ட அடுப்புக்கரி அது. பற்றுவதற்குள் பொறுமை போய்விடும். பற்றிவிட்டால் புகையே இல்லாமல் கணகணவென்று நின்று எரியும். ஒரு குழம்பு, ஒரு பொரியல், குளிக்க வெந்நீர் எல்லாம் ஒரே தணலில் முடியும். புகை இல்லையே என்று கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் எரிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அதன் வாயு ஆளையே கொன்றுவிடும். அம்மா மழைக்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைப்பாள்.

சுரங்கத்தில் கரிக்கு மேலே இருக்கும் மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்கு அது பக்கபலம். மின்கம்பத்துப் பீங்கானிலிருந்து கார்த்திகை அகல், கொலு பொம்மை வரை இங்கே செய்கிறார்கள். வடலூரைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் எரிகிறது. தைப்பூசத்தன்று ரயிலில் நிற்க இடம் கிடைக்காது.

கடைசியில், துறைமுகத்துக்காக வந்த பாதை நிலைத்துவிட்டது. துறைமுகத்துக்குத்தான் கப்பல் வரவு குறைந்துகொண்டே போயிற்று. படகுகள் வேலையில்லாமல் கரையில் கிடந்தன. மாதத்தில் பத்து நாள் வேலை இருந்தால் பெரிசு. என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அப்பா மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போனார். அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சாயங்காலமானால் உப்பனாற்றங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார், அவ்வளவுதான்.

மீட்டர் கேஜ் போய் இப்போது அகலப்பாதை. போன கார்த்திகைக்கு முன்னால் இரண்டு டஜன் பீங்கான் அகல் வாங்கி, பழைய புடவையில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு ஓ.டி. போனேன். அப்பா ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். என்னைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்றுகூடக் கேட்கவில்லை. பையை வாங்கி, பிளாட்பாரத்துப் பெஞ்சிலேயே பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இருபத்து நாலும் முழுசா இருக்கும்மா. சரக்கு சரியா வந்து சேந்துடுச்சு" என்றார், பழைய மேஸ்திரிக் குரலில்.